விசுவமடுவில் ஒரு வெள்ளி நாணயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாணயத்தைப் பழைய கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்கள். விசுவமடுவிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: எழுபது வயது தாண்டிய தாய், அவருடைய இளைய மகன், மூத்த மருமகள். தாயும் மகனும் உள்ளே வந்து இருந்தார்கள். மருமகள் விறாந்தையோடு நின்றுவிட்டார். வாங்கோ என்று இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை.

"சேர், இது வெள்ளியோ வேறையோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் மகன். தாய் வாய் திறக்கவில்லை.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வீடு பரந்தனில். நாணயம் சேர்ப்பது இளவயதுப் பழக்கம். சேர்த்ததெல்லாம் 2009 இல் போய்விட, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். அதனால் பெட்டிக்குள் பழைய காசு கண்டவர்கள் என்னிடம் கொண்டுவருவதுண்டு. வருவது அநேகமாகப் பிரித்தானியர் காலத்துச் செப்புச் சதமாக இருக்கும். எப்போதாவது 1957 இல் வெளிவந்த புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளி வரும். இந்த முறை வந்தது நாணயம் மட்டுமல்ல, ஒரு பெண்ணின் மேல் விழுந்த பழியும் சேர்ந்தே வந்தது. அதனால்தான் இதை முழுமையாக எழுதிவைக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

இது 2015 இல் பிரித்தானிய நாணயச்சாலை வெளியிட்ட இரண்டு பவுண்ட் நாணயம். மாக்ன கார்ட்டா என்ற பெருஞ்சாசனத்தின் 800 ஆவது ஆண்டு நினைவுக்காக அடித்தது. 1215 ஜூன் 15 ஆம் திகதி, தேம்ஸ் ஆற்றங்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில், இங்கிலாந்தின் ஜோன் மன்னன் தன் பிரபுக்களுக்கு இணங்கி ஒப்புக்கொண்ட சாசனம் அது. அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவன் என்ற எண்ணத்தை ஆங்கிலச் சட்ட மரபு அங்கிருந்துதான் கணக்கிடத் தொடங்குகிறது. நாணயத்தில் நடுவே மன்னன், ஒரு பக்கம் மதகுரு, மறுபக்கம் பிரபு. வடிவமைத்தவர் ஜோன் பெர்க்டால். விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் 'சுதந்திரத்தின் அத்திவாரம்' என்று பொருள்படும் வாசகம் இருக்கிறது.

இதே படத்தோடு இரண்டு விதமான நாணயம் உண்டு. ஒன்று கடைகளில் புழங்குவதற்கானது. அதில் சுமார் 15 இலட்சம் வெளியிட்டார்கள். நடுவட்டம் செம்பு-நிக்கல், வெளிவளையம் நிக்கல் கலந்த பித்தளை. மற்றது சேகரிப்பவர்களுக்காகத் தனியாக அடித்தது: முழுவதும் 925 தர வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி), வெளிவளையத்துக்கு மட்டும் மேலே மெல்லிய பொன் பூச்சு. இந்த இரண்டு விதத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

தாயின் தம்பி லண்டனில் இருக்கிறார். 2016 இல் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது, "அக்கா, இது சட்டத்துக்கு அடிச்ச காசு, வெள்ளி, சுத்திவர பவுண் பூசியிருக்கு" என்று சொல்லி இதைக் கையில் கொடுத்தார். பெட்டியும் அத்தாட்சிப் பத்திரமும் கூடவே இருந்தன. வருடங்கள் போகப் போக, 'பவுண் பூசினது' என்ற பேச்சு வீட்டில் 'வெள்ளியும் பவுணும்' என்று மாறிப்போனது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் தாயின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பெட்டியும் பத்திரமும் ஊறிப்போக எறிந்துவிட்டார்கள். ஒரே வளவுக்குள் மூத்த மருமகளின் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் நாணயம் அவருடைய அலுமாரிக்குப் போனது. அன்றிலிருந்து அங்கேயே இருந்தது.

மூத்த மருமகளின் கணவர் 2009 இல் இல்லாமல் போனார். ஒரு மகள். அந்தப் பிள்ளைக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தபோது, செலவுக்கு இந்த நாணயத்தை வைத்துக் காசெடுக்கலாம் என்று சொன்னதே தாய்தான். இளைய மகன் கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடையில் வெளிவளையத்தை உரைகல்லில் உரைத்துப் பார்த்து, "முலாம். எடுக்கேலாது" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மகன் முதலில் கேட்டது, "அண்ணி, உண்மையான காசு எங்கை?"

அண்ணியின் தங்கச்சியும் லண்டனில்தான். இதே படம் போட்ட சாதாரணக் காசு இருப்பதை மகன் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தார். தங்கச்சியிடம் சாதாரணக் காசு ஒன்றை எடுப்பித்து, முலாம் பூசி வைத்துவிட்டு, வெள்ளிக் காசை மாற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு கிழமை அந்த வளவில் அடுப்பு இரண்டாக எரிந்தது. மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்ற கதைவரை வந்துவிட்டது. அதற்கு முன் ஒருக்கா சேரிடம் காட்டுவோம் என்று சொன்னது அந்தக் கம்பஸ் பிள்ளையாம்.

என்ன கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்

கையில் எடுக்கும் முன்பே மகனிடம் ஒரு விஷயம் சொன்னேன். நம் நாட்டில் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சியக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 101 ஆம் பிரிவின்படி, ஒரு விஷயம் நடந்தது என்று சொல்லித் தனக்குச் சார்பாகத் தீர்ப்புக் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மாற்றவில்லை என்று அண்ணி நிரூபிக்கத் தேவையில்லை. இங்கே நீதிமன்றம் இல்லை, நான் நீதவானும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குள் நடக்கும் விசாரணைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆளை வாசலில் நிறுத்திவைத்து நடக்கும் விசாரணைகளை இந்த மண்ணில் நிறையப் பார்த்துவிட்டோம்.

என்னால் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். குற்றச்சாட்டின்படி இது சாதாரணக் காசு என்றால், அது உலோகத்தில் தெரியும். வெள்ளி என்றால் மாற்றிய கதை விழுந்துவிடும். ஏனென்றால் வெள்ளிக் காசை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளிக் காசை வைப்பதில் யாருக்கும் இலாபமில்லை.

சோதனை

காந்தம் உதவாது. வெள்ளியையும் காந்தம் இழுக்காது, சாதாரண இரண்டு பவுண்டையும் இழுக்காது.

எடையும் உதவாது. இதுதான் பலருக்கும் தெரியாத இடம். சாதாரண இரண்டு பவுண்ட் 12 கிராம், விட்டம் 28.4 மில்லிமீற்றர். வெள்ளி நாணயமும் 12 கிராம், அதே 28.4 மில்லிமீற்றர். தராசில் வைத்தாலும் வேணியர் இடுக்கியில் விட்டத்தை அளந்தாலும் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் நிறுத்துப் பார்த்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது.

மிஞ்சுவது அடர்த்தி. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆக்கிமிடீசின் தத்துவம் எனக்கே தேவைப்பட்ட நாள் இது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு காசு வேண்டும். லண்டன் மாமாவின் பிள்ளைகள் விளையாடக் கொடுத்த வேறு படமுள்ள சாதாரண இரண்டு பவுண்ட் ஒன்று வீட்டுத் தகரப்பேணிக்குள் கிடந்தது. மகன் மோட்டார்சைக்கிளில் போய் எடுத்துவந்தார். நடுவே வளையம் வளையமாகத் தொழில்நுட்ப வளர்ச்சியைக் காட்டும் பழைய வடிவம். சந்தேகத்துக்கு இடமில்லாத சாதாரணக் காசு.

செய்த முறை இது. 0.01 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. அதன்மேல் பாதியளவு தண்ணீர் ஊற்றிய தேத்தண்ணிக் கிளாஸ். தண்ணீரில் சவர்க்காரக் கரைசல் ஒரு துளி, காசின் எழுத்துகளுக்குள் குமிழி ஒட்டாமல் இருப்பதற்காக. தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்கினேன். அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தொங்க வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு விலக்கிய தண்ணீரின் எடையை. அதாவது காசு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை.

முதலில் சாதாரணக் காசு. வெளியே நிறுத்தபோது 11.99 கிராம். தண்ணீரில் மூன்று தரம் இறக்கினேன்: 1.37, 1.38, 1.37. அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 8.73 கிராம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்துக்குப் பொருத்தமான எண்.

பிறகு வழக்குக்குரிய காசு. வெளியே 11.98 கிராம். கடையில் உரைத்ததிலும் வீட்டில் தேய்த்ததிலும் கொஞ்சம் போயிருக்கும். தண்ணீரில்: 1.16, 1.15, 1.16. அடர்த்தி 10.3 க்கு மேல். 925 தர வெள்ளிக்கு நூல்கள் சொல்லும் அடர்த்தி 10.3 க்கும் 10.4 க்கும் இடையில்.

வித்தியாசம் 0.2 கிராம். ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர்கூட இல்லை. மகன் தராசுக்குக் கிட்டக் குனிந்து, "இன்னொருக்கா விடுங்கோ சேர்" என்றார். நூலை அவர் கையிலேயே கொடுத்தேன். அவருக்கும் 1.16 தான் வந்தது.

அடர்த்தி மட்டும் முழுச் சாட்சியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈயத்தை அளவாகக் கலந்தால் இந்த எண்ணுக்குக் கிட்ட வரமுடியும். ஆனால் ஈயக் கலவை மெதுமை. இந்தளவு கூரான எழுத்தைத் தாங்காது, நகத்தால் தட்டினால் மணிபோலக் கேட்காது. பூதக்கண்ணாடியில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. சேகரிப்போருக்காக அடிக்கும் நாணயத்தின் வெறுந்தளம் கண்ணாடிபோல முகம் காட்டும். உருவங்கள் பனி படிந்ததுபோல மங்கலாக இருக்கும். கடைக் காசில் அந்த வேறுபாடு இருக்காது. இந்த நாணயத்தின் தளம் மங்கிப்போயிருந்தாலும், எழுத்துகளின் இடுக்கில், துணி போகாத மூலைகளில், அந்தக் கண்ணாடி அப்படியே மிஞ்சியிருந்தது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை

முலாம் என்று கடையில் சொன்னது சரி. வெளிவளையத்தில் இருப்பது முலாம்தான், வெளியிட்டவர்களே அப்படித்தான் சொல்லி வெளியிட்டார்கள். பிழை கேள்வியில் இருந்தது. நம் பக்கத்தில் அடகு என்றால் பவுண்தான். அதனால் மகன் கேட்டது "இது பவுணோ" என்று. கடை பவுணைத் தேடியது, பவுண் கிடைக்கவில்லை, திருப்பிக் கொடுத்தது. முலாமுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் 'முலாம்' என்ற சொல் 'போலி' ஆகி, 'போலி' 'களவு' ஆகிவிட்டது. எட்டு வருடங்களுக்கு முன் 'பூசினது' என்ற ஒரு சொல் விடுபட்டதில் தொடங்கிய வினை இது.

தளம் மங்கியதற்கும் காரணம் தெரிந்தது. வருடாவருடம் சரஸ்வதி பூசைக்குக் குத்துவிளக்கோடும் குங்குமச்சிமிழோடும் சேர்த்து நாணயத்தையும் திருநீறு போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். பக்தியோடு செய்ததுதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடித் தளமுள்ள நாணயத்தில் திருநீறு நுண்ணிய உப்புத்தாள்போல வேலை செய்யும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வட்டம் வட்டமாகத் தலைமயிர்க் கீறல்கள். உரைகல் பட்ட இடத்தில் பொன் பூச்சு போய் வெண்மை தெரிகிறது. இந்த இரண்டையும் திருப்ப முடியாது. வெள்ளி கறுத்தால் கறுத்தபடி விடுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பெட்டியையும் பத்திரத்தையும் நாணயத்துக்கு வேறாக ஓரிடத்தில் வையுங்கள், போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் குடும்பம் இரண்டு கிழமை அழுதிருக்காது.

படத்தில் இருக்கும் பிழை

எல்லாம் முடிந்தபிறகுதான் தாய் முதன்முதலாக வாய் திறந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி நாணயத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ராசா கையிலை வைச்சிருக்கிறது என்ன தம்பி?" என்றார்.

மன்னனின் ஒரு கையில் சாசனம், மற்றக் கையில் பெரிய இறகுப் பேனா. நாணயம் வெளிவந்த காலத்தில் வரலாற்றாசிரியர்கள் கண்டித்தது இந்த இறகைத்தான். ஜோன் மன்னன் அந்தச் சாசனத்தில் கையெழுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி மெழுகில் அரச முத்திரை பதிக்கப்பட்டது. நாணயச்சாலை, இது ஒரு குறியீடு, நடந்ததை அப்படியே காட்டும் படமில்லை என்று விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. சட்டத்தைக் கொண்டாட அடிக்கும் நாணயம் சாட்சி சொல்வதிலும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

இதைத் தாய்க்குச் சொன்னேன். "அப்ப ராசாவும் என்னைப்போலத்தான்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். காணி அனுமதிப்பத்திரத்திலிருந்து நிவாரணப் பட்டியல்வரை எல்லாவற்றுக்கும் பெருவிரல் வைத்தே வாழ்ந்தவர். இறகும் பேனாவும் இல்லாமல் ஒரு அடையாளம் பதித்தாலே அது செல்லும் என்பது அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத விஷயம்.

சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இன்று நாம் சொல்லும் இலக்கங்கள் பின்னாளில் இட்டவை. மூலத்தில் அது ஒரே தொடராக இலத்தீனில் எழுதியது. 35 ஆவது வாசகம் நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்கிறது: வைனுக்கும் தானியத்துக்கும் துணிக்கும் ஒரே அளவு, எடைகளும் அப்படியே. மேசையில் தராசை வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது எனக்கே மனம் நிறைந்தது. 39 ஆவது, சுதந்திர மனிதர் எவரையும் சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் பிடிக்கவோ அடைக்கவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது என்கிறது. 40 ஆவது, நீதியை யாருக்கும் விற்கமாட்டோம், யாருக்கும் மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம் என்கிறது. கடைசிச் சொல்லை நான் இரண்டு தரம் சொன்னேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மாரை அறிந்த எவருக்கும் அந்தச் சொல் சும்மா கடந்துபோகாது.

7 ஆவது வாசகத்தை விறாந்தைக்குக் கேட்கும்படி சொன்னேன். கணவன் இறந்தால் மனைவிக்கு அவளுடைய சீதனமும் உரிமையும் உடனே, இடைஞ்சல் இல்லாமல் சேர வேண்டும் என்பது அது. நம்முடைய தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தை, ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தபோது பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். அதிலும் பெண்ணின் சீதனம் முதுசம் என்ற பரம்பரைச் சொத்திலிருந்தும் தேடியதேட்டம் என்ற, மணவாழ்வில் தேடிய சொத்திலிருந்தும் வேறாக நிற்கிறது. அந்தத் தொகுப்புக்கு 1806 இல் ஆங்கிலேயர் சட்ட வலு கொடுத்தார்கள். அதற்கும் ஒரு வெள்ளி நாணயம் அடித்து, அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏட்டோடு அதில் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, ரன்னிமீட் சாசனமும் நேராக நடக்கவில்லை. அதே 1215 ஓகஸ்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் அது செல்லாது என்று அறிவித்தார். பிறகு திருத்தித் திருத்தி வெளியிட்டு, 1297 இல் சட்டப் பதிவேட்டில் ஏற்றினார்கள். முதல் வருடத்துப் பிரதிகளில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கு.

முடிவு

வெள்ளியாக மட்டும் கணக்கிட்டால் நாணயத்தில் இருப்பது 11.1 கிராம் தூய வெள்ளி. சேகரிப்பவர் அதற்கு மேலே கொடுப்பார், ஆனால் கீறலும் உரைகல் தடமும் விலையைக் குறைக்கும். விற்கச் சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ நான் போகவில்லை. விற்கவில்லை என்று பிறகு அறிந்தேன். பிள்ளையின் செலவுக்குக் காலபோக நெல் விற்ற காசு போனதாம்.

அன்று ஒரு தாளில் திகதி, இரண்டு காசுகளின் எடை, தண்ணீரில் வந்த ஆறு எண்கள், மகன் கையால் வந்த ஏழாவது எண், பூதக்கண்ணாடியில் கண்டவை, எல்லாவற்றையும் எழுதினேன். 'இந்த நாணயம் வெள்ளி. வெளிவளையத்தில் பொன் பூச்சு' என்று கீழே எழுதிக் கையொப்பம் இட்டேன். மகனும் சாட்சியாகக் கையொப்பம் வைத்தார். தாய் முத்திரை மை கேட்டார். பெருவிரலை நன்றாக உருட்டிப் பதித்தார்.

மகன் எழும்பி விறாந்தைக்குப் போனார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கொஞ்ச நேரத்தில் அண்ணி உள்ளே வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது நாணயத்தை மாமியாரிடமே விட்டுவிட்டு, அந்தத் தாளை மட்டும் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டார். கணவரின் மரணச் சான்றிதழும் காணி அனுமதிப்பத்திரமும் இருக்கும் உறைக்குள் அதையும் வைத்திருக்கிறாராம்.